தூண்டிலின் மூன்றாவது கண்

துரைசானிகளின் கிழிந்த பட்டுக் காலுறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிறன்று மாதா கோயில் பூசைக்குப் போகிற ஆண்பிள்ளையை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். பெங்களூர் மர்பி டவுனில் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். பெயரைப் போட்டால் எது சரி, எது தப்பு என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கடையில் நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

காலுறை சமாசாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி, வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த பெங்களூர்த் தண்டில், கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் ஒரு சேட் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். டென்னிஸ் மட்டை, ஹாக்கி மட்டை, தூண்டில், எல்லாம் துரைமார் சாமான். கடையின் பின்கட்டில் இரண்டு மேஜைகள். ஒன்றில் உட்கார்ந்து நான் டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவேன். அடுத்த மேஜையில் மேஸ்திரி தூண்டில்களைப் பழுது பார்ப்பார். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

தூண்டில் என்றதும் அல்சூர் ஏரிக்கரையில் பையன்கள் வைத்துக்கொண்டு நிற்கிற மூங்கில் கழியை நினைக்காதீர்கள். இது மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஒன்பது அடி நீளம். கையில் எடுத்தால் ஒரு தேங்காய் மூடியின் கனம்கூட இராது. ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் துரைமார் மீன் பிடிக்கப் போவது இதை எடுத்துக்கொண்டுதான். கழியின் நெடுக நூல் ஓடுவதற்காகக் குட்டிக் குட்டிக் கம்பி வளையங்களை வைத்துப் பட்டு நூலால் வரிந்து கட்டியிருப்பார்கள். இங்கிலீஷில் அதற்கு ஏதோ பெயர் உண்டு. எங்கள் பின்கட்டில் அது 'கண்ணு'. மேஸ்திரியின் வாழ்க்கை முழுக்க அந்தக் கண்ணைப் பற்றிய கவலைதான்.

மீன் இழுக்கும்போது ஈர நூலில் மணல் ஒட்டிக்கொண்டு வரும். அது கண்ணை அரம் போல ராவும். நாளாக நாளாகக் கம்பியில் ஒரு பள்ளம் விழும். அப்புறம் அந்தப் பள்ளத்தின் விளிம்பு நூலை அறுக்க ஆரம்பிக்கும். பெரிய மீன் மாட்டுகிற அன்றைக்குத்தான் நூல் அறும், அதற்கு முன்னால் அறாது. இந்தப் பள்ளம் பார்த்தால் தெரியாது, தடவினாலும் தெரியாது. பட்டுக் காலுறையின் ஒரு துண்டைக் கண்ணுக்குள் விட்டு இழுத்தால் தெரியும். வழுக்கிக்கொண்டு வந்தால் கண் நல்லது. ஓர் இழை சிக்கினாலும் பழுது. “விரலு பொய் சொல்லும், பூதக்கண்ணாடி பொய் சொல்லும், பட்டு சொல்லாது” என்பார்.

அவர் மகள் ஆக்னஸ் கமர்ஷியல் தெருவில் ஒரு தையல் கடையில், துரைசானிகளின் காலுறைகளில் ஓட்டை தெரியாமல் இழை ஓட்டுகிற வேலை பார்த்தாள். இனி ஒட்டுப் போட முடியாது என்று ஒதுக்கியவை அப்பாவுக்கு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் மேஸ்திரி தும்மினார், கைக்குட்டை என்று நினைத்துப் பையிலிருந்து உருவினார். முழங்கால் வரை நீண்ட ஒரு காலுறை வந்துகொண்டே இருந்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கொள்ளவில்லை. மனிதர் அசரவில்லை. அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த என்னிடம், “கடை சாமானு” என்றார்.

பேஜார் பிடித்த மனுஷன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இவர் அந்த ஜாதி. ஒரு வேலை முடிந்தது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. பழுது பார்த்த தூண்டிலைச் சேட்டிடம் நீட்டும்போது, “இப்போதைக்குத் தேறும்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மனைவிக்கு ஜுரம் விட்டதா என்று கேட்டால் “இப்போதைக்கு.” மழை நின்றதா என்று கேட்டால் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து “இப்போதைக்கு.” அவர் மனைவி ஒருமுறை என் அம்மாவிடம், “கதவு தாப்பாள நாலு வாட்டி இழுத்துப் பாத்துட்டுப் படுப்பாரு. அஞ்சாவது வாட்டிக்கு என்னை எழுப்புவாரு” என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு டாக்டர் துரை தன் தூண்டிலை வாங்கிக்கொண்டு மைசூர் ரயிலுக்குப் போய்விட்டார். அரை மணி கழித்து மேஸ்திரிக்கு ஒரு கண்ணைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. கையிலிருந்த அரத்தைக் கீழே போட்டார், என் சைக்கிளை எடுத்தார், ஓடினார். ஸ்டேஷனில் துரையின் பெட்டிக்குள்ளேயே ஏறி, துரைசானியின் எதிரில், பையிலிருந்து துரைசானி காலுறையை உருவி, எட்டுக் கண்ணையும் இழுத்துப் பார்த்திருக்கிறார். எட்டாவது கண்ணுக்கு வருவதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது. வழியில் கெங்கேரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். என் சைக்கிளை மறுநாள் நான்தான் போய்த் தேடி எடுத்துவந்தேன்.

“பழுது இருந்துச்சா மேஸ்திரி?”

“இல்ல.”

“அப்ப நிம்மதிதானே?”

“நேத்து இல்ல. இன்னிக்கி மணல்ல இழுத்திருப்பாரே” என்றார்.

இப்படி ஓர் ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் நமக்கும் தொற்றிக்கொள்ளும். நான் கட்டி முடித்த மட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வரும். எரிச்சலோடேயே அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருப்பேன்.

அவரைத் தின்றது ஒரே கேள்வி. லேசான தூண்டிலுக்கு நாள்பட உழைக்கிற கண்ணு எது? சிவப்புக் கல் ஒன்று உண்டு, அக்கீக் என்போம். அதை வளையமாகக் குடைந்து வைத்தால் தேயவே தேயாது. ஆனால் கல் கனம். லேசான கழியில் கனமான கண்ணை வைத்தால் கழி செத்துப்போகும், துள்ளாது. போதாக்குறைக்குக் கை தவறிக் கீழே போட்டால் கல்லில் மயிரிழை விரிசல் விழும். பித்தளை லேசு, நாலு மாதத்தில் பள்ளம். குடைக்கம்பியை வளைத்துப் பார்த்தார். நன்றாக உழைத்தது, துருப்பிடித்தது. “லேசா இருந்தா ஆயுசு கம்மி, கெட்டியா இருந்தா உயிரு கம்மி. ரெண்டும் சேந்தது சர்வேசுரன் கிட்டயே இல்ல போலிருக்கு” என்பார்.

அதற்காக ஒரு பழைய தையல் மிஷினைப் பிடித்துவந்து, அதன் சக்கரத்தில் தூண்டில் நூலைக் கோத்து, நூலை ஈர மணலில் தோய்த்துக்கொண்டு, காலால் மிதித்து மிதித்து ஒரு கண்ணுக்குள் நூறு தடவை, இருநூறு தடவை என்று ஓடவிடுவார். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பார். பின்கட்டு முழுக்கக் கடகடவென்று சத்தம். சேட் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். “க்யா மேஸ்திரி! துரை இன்னும் ஒரு மீனு புடிக்கல, அதுக்குள்ள நீயே கண்ணைத் தேச்சுத் தள்ளிட்டியா?”

“தேயற கண்ணு எங்கிட்டயே தேயட்டும் சேட்” என்பார் மேஸ்திரி, மிதிப்பதை நிறுத்தாமல்.

இதையே அவர் மாப்பிள்ளைகளுக்கும் செய்தார். ஆக்னஸுக்கு இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். பெண்ணிடம் ஒரு குறையும் கிடையாது. பார்க்க வந்தவர்களிடம்தான் அப்பா குறை கண்டுபிடித்தார். ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேக்காரர் ஒருவர் புதுச் சட்டை, புது ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். “புதுசுல எல்லாக் கண்ணும் நல்ல கண்ணுதான். பழைய ஷூவைப் போட்டுக்கினு வரச் சொல்லு, எங்க தேஞ்சிருக்குன்னு பாக்கணும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அமைதியானவர். கெட்டி, ஆனால் உயிர் இல்லை என்று தள்ளிவிட்டார். அதற்கப்புறம் தரகர்களே அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் போய் மாட்டிக்கொண்டேன். ஆக்னஸ் வாரத்துக்கு இரண்டு நாள் காலுறைத் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாள். அப்பா வெளியே போயிருந்தால் என் மேஜையில் வைப்பாள். முதலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு வைத்துவிட்டு நிற்பாள். ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். “எனக்குச் சம்மதந்தான். ஆனா அப்பா உங்கள இழுத்துப் பாப்பாரு. சிக்காம வந்துருங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து என் அம்மா பெண் கேட்கப் போனாள். திரும்பி வந்து, “டேய், பொண்ணு கேக்கப் போன எடத்துல என் செருப்பைப் பொரட்டிப் பாக்கறாருடா அந்த மனுஷன்! இது கண்ணாலமா இல்ல மீன் புடிக்கிற வேலையா?” என்றாள். மேஸ்திரி சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்” என்றாராம்.

எட்டு மாதம் பார்த்தார். ஒரே கேள்வியை மூன்று வார இடைவெளியில் கேட்டு, பதில் மாறுகிறதா என்று கவனிப்பார். காலங்காத்தாலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். தூக்கத்திலிருந்து எழுந்ததும் நான் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறேன் என்று கேட்க வந்திருக்கிறார்! நான் கட்டிய மட்டையை வாங்கி நரம்பு நரம்பாகச் சுண்டுவார். கடையில் அடுத்த மேஜை, ஓடி ஒளிய இடமில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. ஆக்னஸ் வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அதற்கு இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். ஒரு நாள் மத்தியானம், வரிந்துகொண்டிருந்த பட்டு நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, “ஓலை குடுத்துரலாம்” என்றார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பேரைச் சாமியார் படிப்பார். அதுதான் ஓலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று கேட்பார். மூன்றாவது ஓலையும் தடையில்லாமல் கழிந்தால்தான் கல்யாணம். பங்குச் சாமியார் ஒரு பிரெஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். அவர் மேஸ்திரியிடம், “உமது குமாரத்தியைக் கொடுக்கச் சம்மதமோ?” என்று கேட்டார்.

“இப்போதைக்குச் சம்மதம் சாமி.”

சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. “விவாகம் மரணம் மட்டும் நிலைக்கும்! இப்போதைக்கு என்பது எங்கேயிருந்து வந்தது?”

“மரணம் மட்டும் எப்படின்னு சர்வேசுரனுக்குத் தெரியும் சாமி. எனக்கு இன்னிக்கி வரைக்குந்தான் தெரியும்” என்றார் மேஸ்திரி. சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு பேரை எழுதிக்கொண்டார்.

முதல் ஓலை நல்லபடியாகக் கழிந்தது. மறுநாள் மேஸ்திரிக்குக் குளிர் ஜுரம். கடைக்கு வரவில்லை. அவர் பழுது பார்த்து வைத்திருந்த ஒரு கர்னல் துரையின் தூண்டில் மேஜையில் கிடந்தது. புதன்கிழமை காலையில் ஆக்னஸ் வந்தாள். அவசரமாக வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. “கர்னல் துரை தூண்டில்ல மூணாவது கண்ணு மேல அப்பாவுக்குச் சந்தேகமாம். இழுத்துப் பாத்துட்டுக் குடுக்கச் சொன்னாரு” என்றாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில் நான் வேறு என்னென்னவோ பேசினேன். அவளும் பேசினாள். தையல் கடைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

பத்து நிமிஷத்தில் கர்னல் துரை வந்துவிட்டார். வாசலில் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றது. ஊட்டிக்குப் போகிற அவசரம். “ஜல்தி, ஜல்தி” என்று சேட் முன்கட்டிலிருந்து கத்தினார். நான் காலுறைத் துண்டை எடுத்து, கைப்பிடியிலிருந்து எண்ணி, மூன்றாவது கண்ணில் விட்டு இழுத்தேன். வெண்ணெயாக வந்தது. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மேஸ்திரியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். இரண்டு கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “மூணாவது கண்ணு பாத்தியா?” என்றார். பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். அதுவே உண்மை. வரப்போகிற மாமனாரிடம் நல்ல பேர் வாங்கவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. “மூணாவது என்ன மாமா, எட்டுக் கண்ணையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜுரத்திலும் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். நான் அன்றைக்கு மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவது ஓலையும் கழிந்தது. அடுத்த வியாழக்கிழமை கர்னல் திரும்பி வந்தார். முன்கட்டில் அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஏழு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த மீன் மாட்டி, கரைக்கு இரண்டு கஜம் இருக்கும்போது நூல் அறுந்துவிட்டதாம். ஜுரம் விட்டு வந்திருந்த மேஸ்திரி தூண்டிலை வாங்கினார், காலுறையை உருவினார், நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது கண்ணில் விட்டு இழுத்தார். பாதியில் நின்றது. இழை இழையாகப் பிய்ந்துகொண்டு வந்தது. ஒரு வாரத்தில் விழுகிற பள்ளம் அல்ல அது. எனக்கும் தெரிந்தது.

“இதைத் தேறும்னு குடுத்தது யாரு?” என்றார் சேட்.

மேஸ்திரி என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். “மை மிஸ்டேக், சார்” என்றார் கர்னலிடம்.

நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை. இப்போது போய் உண்மையைச் சொன்னால் எட்டு மாதமும் ஆக்னஸும் கையைவிட்டுப் போகும் என்று பயந்தேன். அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மனிதர் கேட்கவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அடுத்த மேஜையில் ஒரு பேச்சில்லை. தையல் மிஷினைக்கூட மிதிக்கவில்லை. எழுந்து வாசல் வரை போவார், வருவார், நிற்பார், மறுபடி போவார். நான் ஒரு மட்டையின் நரம்பை மூன்று தடவை தப்பாகக் கோத்துப் பிரித்தேன். இவர் தெரிந்துகொண்டுவிட்டார், நானே சொல்கிறேனா என்று பார்க்கிறார், இல்லாவிட்டால் ஓலையில் எழுந்து தடை சொல்லப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நல்ல கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரையில். மேஸ்திரி சுவர் ஓரமாக நின்றார். சாமியார் பிரசங்கம் முடித்து எங்கள் இருவர் பேரையும் படித்தார். “இவர்களுக்குள்ளே தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லக் கடவார்கள்.” மேஸ்திரி ஓரடி முன்னால் வந்த மாதிரி இருந்தது. காலை மாற்றி நின்றாரோ என்னவோ, அதையெல்லாம் யோசிக்க எனக்கு நிதானம் இல்லை. அவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று எழுந்துவிட்டேன்.

“சாமி, ஒரு தடை இருக்கு.”

கோயில் முழுக்கத் திரும்பியது. என் அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, “மாப்பிள்ளைதானே நீர்? உமக்கு வேறே மனைவி உண்டோ?” என்றார்.

“ஐயோ, இல்ல சாமி. ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“எதைக் குறித்து?”

“கண்ணைக் குறித்து சாமி.”

பெண்கள் பக்கத்தில், “பொண்ணுக்குக் கண்ணுல கோளாறாம்டி!” என்று ஒரு குரல். “பொண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா?” என்று இன்னொன்று. எனக்கு வார்த்தை குழறியது. “மூணாவது கண்ணு சாமி. மூணாவது கண்ணைப் பாத்துட்டேன்னு சொன்னேன். சரியாப் பாக்கல.”

சாமியார் முகம் சிவந்துவிட்டது. “மூன்றாவது கண்ணோ? அது சிவனார் கதையல்லவா! தேவாலயத்தில் அந்தப் பேச்சு ஏன்?”

“தூண்டில் கண்ணு சாமி!” என்று நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். சாமியார் மூலையில் பாவம் சொல்கிற கூண்டைக் கையால் காட்டி, “பொய்க்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி அங்கே இருக்கிறது. தூண்டில் கல்யாணத்துக்குத் தடையல்ல. உட்காரும்” என்றார். நான் உட்கார்ந்தேன். மீதிப் பூசை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் மேஸ்திரி நேராக என்னிடம் வந்தார். ஆக்னஸும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். ஊர் ஜனம் எட்டி நின்று காதைத் தீட்டிக்கொண்டது.

“எத்தினி கண்ணு பாத்தே?”

“ஒண்ணுதான் மாமா.”

“எது?”

“கைப்பிடியிலேருந்து மூணாவது. எட்டும் பாத்தேன்னு சொன்னது பொய். உங்க மேல பழி விழுந்தப்பவும் வாயை மூடிக்கினு நின்னேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். “தேய்மானம் நுனியிலதான் ஆரம்பிக்கும்” என்றார் மெதுவாக. “நான் நுனியிலேருந்துதான் எண்ணுவேன். ஜொரத்துல நுனியிலேருந்துன்னு சொல்லி அனுப்பினேனா, வெறுமனே மூணாவதுன்னேனா? எட்டும் பாத்தவன் கண்ணுக்குத் தப்பியிருந்தா, நான்தான் ஏதோ வேலையைக் கெடுத்திருக்கேன்னு மூணு நாளா மண்டை காயுது. சொல்லலைன்னுதான் தோணுது. தப்பு என்னுது.”

என்னைச் சோதிக்கிறார் என்று நான் துடித்த அந்த மூன்று நாளும் இவர் தன்னைத்தான் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“நீங்க சொன்னீங்கப்பா” என்றாள் ஆக்னஸ்.

இருவரும் திரும்பினோம்.

“நுனியிலேருந்துன்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. வழியெல்லாம் அதையே சொல்லிக்கினுதான் வந்தேன். கடையில இவரைப் பாத்ததும் அந்த வார்த்தை மட்டும் மறந்து போச்சு. மத்தியானம் ஞாபகம் வந்து ஓடியாந்தேன், தூண்டில் போயிடுச்சுன்னு சேட்டு சொன்னாரு. அப்புறம் பயந்துக்கினு யார்கிட்டயும் சொல்லல.” அவள் அழவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

மேஸ்திரி மகளைப் பார்த்தார். ஊரில் உள்ள கண்ணையெல்லாம், செருப்பையெல்லாம் புரட்டிப் பார்த்த மனிதர் இந்தப் பெண்ணை மட்டும் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போதும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, கேட்டியே எல்லாத்தையும். இப்படித்தான் இருக்கா எம் பொண்ணு. உனக்கு ஏதாச்சும் ஆட்சேபணை இருக்கா?”

எட்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் அடித்தவர். ‘பாக்கலாம் மாமா’ என்று சொல்லி ஒரு வாரமாவது இவரை நிற்க வைத்தால் என்ன என்று, மறைப்பானேன், ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

“இல்ல மாமா” என்றேன். ஒரு தடவை சொன்னால் அவருக்குப் போதாதென்று தெரிந்து, இன்னொரு தடவையும் சொன்னேன்.